தேக்கம்பட்டி பாப்பம்மாள்: வயதையும் சாப்பாட்டையும் தவிர வேறெதுவும் கேட்க மாட்டீர்களா?

பவானிக்கரை
28 செப்டம்பர் 2024

தேக்கம்பட்டி பாப்பம்மாள் நேற்று போய்ச் சேர்ந்தார். காலையில் போனைத் திறந்தால் ஊர்க்குழு, உறவுக்குழு, பழைய பள்ளிக்கூடக் குழு என்று எல்லாவற்றிலும் ஒரே படம். 2021 பிப்ரவரியில் கோவை வந்த பிரதமர் அவர் முன் குனிந்து வணங்குகிறாரே, அதே படம்தான். கீழே ஒரே செய்தி: நூறு வயதைத் தாண்டியும் வயலுக்குப் போனவர், பத்மஸ்ரீ வாங்கியவர், ஆழ்ந்த இரங்கல்.

எனக்கு அவர் உறவு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்கிற அளவில் பக்கத்து ஊர்க்காரன், அவ்வளவுதான். ஆனால் மூன்று நாலு வருடமாக மனதில் கிடக்கும் ஒரு எரிச்சலை இன்றைக்காவது கொட்டிவிட வேண்டும். பாப்பம்மாளைப் பார்க்கப் போன முக்கால்வாசிப் பேர் கேட்டது இரண்டே கேள்வி. பாட்டி, உங்களுக்கு என்ன வயசு? என்ன சாப்பிடுவீங்க? ஒரு மனுஷி நூறு வருடம் வாழ்ந்து செய்த வேலையெல்லாம் கடைசியில் ராகிக் களியா, கம்பங்கூழா என்பதில் வந்து நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தேக்கம்பட்டி மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஓரத்தில் இருக்கிற ஊர். வனபத்ரகாளியம்மன் கோயில் அங்கேதான். கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடத்துவார்களே, அதுவும் அங்கேதான் நடந்தது. ஊர்ப்பெயர் செய்தித்தாளில் வந்ததெல்லாம் முதலில் யானைகளால், பிறகு பாப்பம்மாளால்.

அவர் பிறந்தது 1914-இல், தேவலாபுரம் என்ற ஊரில். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட, தேக்கம்பட்டியில் இருந்த பாட்டி கூட்டிவந்து வளர்த்தார். பாட்டிக்கு ஒரு கடை இருந்தது. பாட்டி காலத்துக்குப் பிறகு அதைப் பாப்பம்மாள் எடுத்து நடத்தினார், கூடவே சாப்பாட்டுக் கடையும் போட்டார். அதில் சேர்த்த காசில் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார். பத்து ஏக்கர் அளவுக்கு. கடைசிக் காலத்தில் இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, ரசாயன உரம் போடாமல் வாழை வைத்துக்கொண்டிருந்தார். தனக்கு என்று பிள்ளை இல்லை, உடன்பிறந்தவரின் பிள்ளைகளைத்தான் வளர்த்து ஆளாக்கினார்.

1959-இல் தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினர். அப்புறம் காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர். உள்ளாட்சியில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு வராத காலம் அது. 33 சதவீதம் சட்டமாகி, தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது 1996-இல். அதற்கு 37 வருடம் முன்பே இந்த அம்மா தேர்தலில் நின்று, ஜெயித்து, ஆம்பிளைகள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதைப் பற்றி யாராவது அவரிடம் விரிவாகக் கேட்டீர்களா?

உங்கள் ஊரிலும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். இங்கே எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், உணவு முறை வேண்டாம்.


பெங்களூர்வாசி
28 செப்டம்பர் 2024

ஆழ்ந்த இரங்கல். எவ்வளவு பெரிய மனுஷி. காலை உணவாக என்ன எடுத்துக்கொள்வார் என்று யாருக்காவது தெரியுமா? என் மாமனாருக்குச் சர்க்கரை, அதற்காகக் கேட்கிறேன்.


பவானிக்கரை
28 செப்டம்பர் 2024

சார், பதிவின் கடைசி வரி.


மதுரைக்காரி
28 செப்டம்பர் 2024

விடுங்கள், நான் சொல்கிறேன். பேட்டியில் அவர் சொன்னது மட்டன் பிரியாணி பிடிக்கும் என்று. நிறையக் கீரை, காய்கறி சாப்பிடுவேன் என்றும் சொன்னார். ஆனால் பிரியாணியைச் சொன்ன பேட்டியை யாரும் பரப்பவில்லை, களியைத்தான் பரப்பினார்கள். நமக்கு நூறு வயதுப் பாட்டி என்றால் களி தின்றே ஆக வேண்டும்.


தாலுகா ஆபீஸ் வாசல்
28 செப்டம்பர் 2024

பவானிக்கரை, நல்ல பதிவு. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசை.

எல்லோரும் அவரை விவசாயி என்கிறோம், சரிதான். ஆனால் அவர் முதலில் கடைக்காரி. நிலத்திலிருந்து காசு வரவில்லை, காசிலிருந்து நிலம் வந்தது. இந்த வரிசை முக்கியம். முப்பத்தைந்து வருடம் பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று பேப்பரோடு பிழைத்தவன் நான். ஒரு பெண் பெயரில் நிலம் வருவதற்கு என் அனுபவத்தில் மூன்று வழிதான். புருஷன் செத்து வரும். அப்பன் சீதனமாக எழுதி வைத்து வரும். கடன்காரனுக்குப் பயந்து புருஷன் பெண்டாட்டி பேரில் எழுதி வைத்து வரும். மூன்றாவது வகையில் அந்த அம்மாவுக்குத் தன் பேரில் நிலம் இருப்பதே தெரியாது. கைரேகை வைத்துவிட்டுப் போய்விடுவார். தானே சம்பாதித்த காசில், தானே விலை பேசி, தானே வாங்கியது என்பது நாலாவது வழி. என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்பார்கள், சட்டம் இடம் கொடுக்கவில்லையா என்று. சட்டத்தில் தடையே இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண்ணின் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழு உரிமை என்று சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பதுதான் தமிழ்நாட்டில் 1989 வரை காத்திருந்தது. அதிலும் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமாகிப் போன மகள்களுக்கு இல்லை. மத்தியச் சட்டம் 2005-இல்தான் திருந்தியது. ஆனால் வாங்குகிற நிலத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. தேவை கையில் காசு. கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தக் காசு கையில் நிற்காது. கடை வைத்தவளுக்கு நிற்கும். பாப்பம்மாளின் பாட்டி விட்டுப் போன சொத்து என்று நான் நினைப்பது அந்தக் கல்லாப்பெட்டியைத்தான்.


கறிவேப்பிலைத் தோட்டம்
28 செப்டம்பர் 2024

காரமடைக்காரன் நான். தாலுகா சார் சொன்னது நூற்றுக்கு நூறு. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அம்மாயி பணியாரக் கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலு தென்னந்தடுக்கு, ஒரு அடுப்பு, ஒரு குழிப்பணியாரக் கல். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஏழரைக்குக் கடை முடிந்துவிடும். அப்புறம் மாடு, தோட்டம், சமையல். வருகிற காசை உப்புப் பானைக்கு அடியில் போடுவார். வீட்டில் ஆம்பிளை எவனும் உப்புப் பானைக்குள் கையை விட மாட்டான் என்பது அவர் கண்டுபிடித்த பேங்க் ரகசியம்.

அந்தக் காசில் அறுபது சென்ட் மேட்டு நிலம் விலைக்கு வந்தது. அம்மாயி முழுத்தொகையையும் எண்ணி மடியில் கட்டிக்கொண்டு போனார். பத்திரம் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, “உங்க பேர்ல எதுக்குங்க அம்மிணி, நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கமாயிடும், அய்யன் பேர்லயே போட்றலாம்” என்றாராம். அப்பச்சி, அதாவது அம்மாயியின் புருஷன், பக்கத்தில் நின்று தலையாட்டினார். அப்படியே எழுதிவிட்டார்கள். அம்மாயி பிறகு சாகும் வரை சொன்னது, “அன்னைக்கு என் வாயில பணியாரமா இருந்துச்சு?” என்பதுதான்.

ஆறே வருடம். அப்பச்சி ஒரு பங்காளிக்கு ஜாமீன் நின்று அந்த அறுபது சென்ட்டும் போயிற்று. அப்பச்சி நல்ல மனுஷன்தான், குடியெல்லாம் கிடையாது. நல்ல மனுஷன் என்பதால்தான் ஜாமீன் போட்டார்.

அதற்குப் பிறகு அம்மாயி ஆளே மாறிவிட்டார் என்று அம்மா சொல்வார். ஊரில் அவருக்குக் கலெக்டர் என்று பட்டப்பெயர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனு. ரேஷன் கடையில் எடை குறைந்தால் மனு. பஸ் ஊருக்குள் வராமல் முக்கு ரோட்டிலேயே திரும்பிப் போனால் மனு. எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் பேத்திகள் நாங்கள்தான் எழுத்தர். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஒரு வார்த்தை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார். “திரும்பப் படி” என்பார். நான் “பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதியதைக் கேட்டுவிட்டு, “பணிவை எடு, கேட்டுக்கறேன்னு மட்டும் போடு” என்றார். எல்லா மனுவுக்கும் கடைசி வரி ஒன்றே: பதில் வராவிட்டால் நானே வருவேன். சொன்னபடி போவார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு, நல்ல சேலை கட்டி, தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில்.

பஸ் கடைசியில் ஊருக்குள் வந்தது. முதல் நாள் டிரைவருக்குப் பணியாரம் கொடுத்தார். இரண்டாம் நாள் காசு கேட்டார்.


கடைமடை
29 செப்டம்பர் 2024

“பணிவை எடு” என்பதைப் படித்துவிட்டுச் சிரித்து முடியவில்லை.


வெற்றிவேல்82
29 செப்டம்பர் 2024

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு கட்சிக்காரர்கள் பிரதமர் வணங்கிய படத்தைப் போட்டு ஏதோ அவர்கள்தான் பாப்பம்மாளைக் கண்டுபிடித்தது போல நடக்கிறார்கள். அவர் ஆரம்ப காலத்திலிருந்தே தி.மு.க.காரர். இந்த மாதம் 17-ஆம் தேதி முப்பெரும் விழாவில் பெரியார் விருது கொடுத்தது தி.மு.க. விருது கொடுத்துப் பத்தே நாளில்


நெறியாளர்
29 செப்டம்பர் 2024

மேலே உள்ள பதிவின் பின்பாதியும், அதற்கு வந்த பதினொரு பதில்களும் நீக்கப்பட்டுள்ளன. சாவு வீட்டில் கொடி நடாதீர்கள்.


மதுரைக்காரி
29 செப்டம்பர் 2024

நீக்கியது சரி. ஆனால் வெற்றிவேல் சொன்ன முதல் பாதியில் நியாயம் இருக்கிறது, அதைச் சண்டை இல்லாமலும் பேசலாம்.

அவர் அரசியல்வாதி. ஒரு கட்சியில் பல பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தவர், தேர்தலில் நின்றவர். அதை மறைத்துவிட்டு வெறும் இயற்கை விவசாயப் பாட்டியாக ஆக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அதேபோல் வேறு கட்சிப் பிரதமர் வணங்கியதை அவர் மறுக்கவும் இல்லை. வந்தவருக்கு வணக்கம் சொன்னார். கடை நடத்தியவருக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்று. தன் கட்சியை மட்டும் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நமக்குத்தான் வராது.

எங்கள் மதுரைப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மாவுக்கும் இதே கதைதான். புல்லுச்சேரிக்காரர். களஞ்சியம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். வாஜ்பாயி பிரதமராக இருந்தபோது டெல்லியில் விருது கொடுக்கும் மேடையில் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வணங்கினார். அன்றிலிருந்து அந்த அம்மா “பிரதமரே காலைத் தொட்டு வணங்கிய அம்மா” ஆகிவிட்டார். நாற்று நடும் கூலிப் பெண்களைக் கூட்டிச் சேர்த்து, கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தங்களுக்குள்ளேயே சேமித்துக் கடன் கொடுத்துக்கொள்ள வைத்தாரே, அது எப்படி நடந்தது? கடனைத் திருப்பாதவளிடம் என்ன பேசினார்? கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதவர் கணக்கை எப்படி மனதில் வைத்திருந்தார்? இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. 2024-இல் இருக்க ஒரு நல்ல வீடு வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் மாநில அரசு வீட்டுக்கு உத்தரவு போட்டது.

இரண்டு பிரதமர்கள், இரண்டு கிராமத்துப் பெண்கள், இரண்டு படங்கள். படத்தில் குனிந்தவரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம்.


பவானிக்கரை
29 செப்டம்பர் 2024

மதுரைக்காரி அக்கா, கடைசி வரி நான் எழுதியிருக்க வேண்டியது. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

பெரியார் விருது பற்றி ஒன்று. கட்சிச் சண்டைக்காக இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது பாப்பம்மாளுக்கு வயது பதினைந்து. தீர்மானம் சட்டமாக 1989 வரை ஆனது. அதற்குள் இந்த அம்மா கடை நடத்தி, நிலம் வாங்கி, தேர்தலில் நின்று, ஜெயித்து, கிழவியும் ஆகிவிட்டார். எழுபத்தைந்து வயதில் சட்டம் வருகிறது. அந்த வகையில் அந்த விருது பொருத்தமான கைக்குத்தான் போனது என்று எனக்குப் பட்டது.


கடைமடை
30 செப்டம்பர் 2024

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாப்பம்மாள் பற்றிய செய்திகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவில் அவர் இருந்தார், அதை நடத்துகிறவர்களில் ஒருவராகவும் இருந்தார் என்பது. நாமும் இங்கே விவாதம்தான் செய்கிறோம், ஆனால் யாரும் இதைத் தொடவில்லை.

விவாதக் குழு என்றால் இளைஞர்களுக்குத் தெரியாது. விவசாயிகள் ஒரு இடத்தில் கூடுவார்கள். வேளாண் அதிகாரி அல்லது பேராசிரியர் வருவார், அல்லது ரேடியோ பேசும். கேட்டுவிட்டுத் தங்களுக்குள் அலசுவார்கள். எங்கள் பக்கம் 1966-இல் வந்த ஆடுதுறை 27 நெல்லுக்குப் பெயரே ரேடியோ நெல். திருச்சி வானொலி சொல்லிச் சொல்லி அது பரவியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ரேடியோவைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து கேட்டதை அப்பா சொல்வார். அந்தப் பதினைந்து பேரில் ஒரு பெண் கிடையாது. பெண்கள் உள்ளே காப்பி போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஆனால் அந்த நெல்லை நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது, காய வைத்தது, விதைக்குப் பிரித்து வைத்தது எல்லாம் அவர்கள். என் அத்தை சொல்வார்: “ரேடியோ உங்களோட பேசிச்சு, நெல்லு எங்களோட பேசிச்சு.”

அந்த மாதிரியான கூட்டத்தில் ஒரு பெண் கூப்பிடப்பட்டவராக மட்டும் இல்லாமல் கூட்டுகிறவராகவும் இருந்தார் என்றால் அது பத்மஸ்ரீயை விடப் பெரிய செய்தி எனக்கு.

நிலம் பற்றிப் பேசும்போது கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவைச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்துக்காரன் இருக்க முடியாது. 1968-இல் கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்களை, பெண்கள் குழந்தைகள் என்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த பிறகு அங்கே வந்து தங்கினார். பிறகு லாஃப்டி என்ற அமைப்பை வைத்து மிராசுதார் நிலத்தை வாங்கி நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார். பத்திரம் யார் பெயரில்? வீட்டுப் பெண்ணின் பெயரில். ஆம்பிளை பெயரில் கொடுத்தால் சாராயக் கடைக்குப் போய்விடும் என்பது அந்தப் பெண்களே சொன்ன காரணம். கறிவேப்பிலைத் தோட்டத்தின் அம்மாயி அங்கே பிறந்திருக்க வேண்டும்.


கறிவேப்பிலைத் தோட்டம்
30 செப்டம்பர் 2024

அம்மாயி தஞ்சாவூரில் பிறந்திருந்தால் காவிரிக்கே மனு எழுதியிருப்பார்.

ஒரு சந்தேகம் எனக்கு நீண்ட நாளாக. வேளாண் பல்கலைக்கழகமும் விரிவாக்கத் துறையும்தான் யூரியா, பூச்சிமருந்து எல்லாவற்றையும் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர்களோடு பழகிய ஒருவர் இயற்கை விவசாயத்துக்கு எப்படி வந்தார்? குறை சொல்லவில்லை. என் தோட்டத்துக்கு இது தேவை. ஐரோப்பாவில் நம் கறிவேப்பிலையில் மருந்து எச்சம் அதிகம் என்று சோதனையை இறுக்கிய நாளிலிருந்து எங்களுக்குத் தலைவலி. வாரத்துக்கு ஒரு முறை மருந்து அடித்துப் பழகிய செடியை நிறுத்தினால் முதல் வருடம் இலையெல்லாம் சுருண்டு பூச்சி தின்றுவிடும். அந்த முதல் வருடத்தை யார் தாங்குவது?


பவானிக்கரை
30 செப்டம்பர் 2024

நான் பார்த்த வரையில் பதில் எளிது. இரண்டரை ஏக்கர், கடன் இல்லாத நிலம். உங்களுக்கும் எனக்கும் முதல் வருட நஷ்டம் என்றால் சொசைட்டி நோட்டீஸ் வரும். தனக்குச் சொந்தமான நிலத்தில், வட்டி இல்லாமல், அவசரம் இல்லாமல் செய்கிறவருக்குச் சோதித்துப் பார்க்க இடம் இருக்கிறது. இயற்கை விவசாயத்தை ஏதோ நல்ல குணம் போலப் பேசுகிறோம். பாதி குணம், பாதி கடனில்லாமை.

வாழை வேறு தோதான பயிர். சருகு, மட்டை, தண்டு எல்லாம் அங்கேயே மட்கும். பக்கக் கன்றை வெட்டி அடியிலேயே போட்டுவிடலாம். மாட்டுச் சாணமும் ஈரமும் இருந்தால் மண் தன்னாலேயே எழும். எங்கள் பக்கத்து வாழைக்கு எமன் பூச்சி இல்லை. ஒன்று காற்று, தார் போட்ட மரத்தை அரை மணியில் சாய்த்துவிடும். இரண்டாவது யானை. இரவு பதினொன்றுக்கு வந்தால் விடிவதற்குள் முக்கால் ஏக்கர் காலி. மேலே பில்லூர் அணையில் மதகைத் திறந்துவிட்டால் ஆற்றோரத் தோட்டத்துக்குத் தண்ணீர் பயம் தனி. இத்தனையையும் பார்த்துக்கொண்டு நூறு வயதில் ஒருவர் காலையில் தோட்டத்துக்குப் போனார் என்றால், அவர் என்ன சாப்பிட்டார் என்று இல்லை, எப்படித் தூங்கினார் என்று கேட்டிருக்கலாம்.


பெங்களூர்வாசி
1 அக்டோபர் 2024

எல்லோரிடமும் மன்னிப்பு. முதலில் கேட்டது நான்தான். நேற்று முழு இழையையும் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து, ஊரில் நம் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அப்பா பேரில், அவர் போய் ஒன்பது வருடமாகியும் மாற்றவில்லை. அம்மாதான் அன்றிலிருந்து விவசாயம் பார்க்கிறார். பி.எம். கிசான் பணம் வருடம் 6000 ரூபாய் அம்மாவுக்கு வரவில்லை, பட்டா அவர் பேரில் இல்லாததால். ஒரு ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, “வீட்ல ஆம்பிளை யாராவது இருந்தா வரச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்களாம். அம்மா அதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் வீட்டு ஆம்பிளை. பெங்களூரில் இருக்கிறேன்.


தாலுகா ஆபீஸ் வாசல்
1 அக்டோபர் 2024

தம்பி, முதலில் வாரிசுச் சான்றிதழ். பிறகு பட்டா மாறுதல் மனு. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், அதைப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கூட்டுப் பட்டாதான் வரும். தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.

அம்மா மட்டும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள் என்று பதிவானவர்களில் பெண்கள் 14 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும்தான் இருந்தார்கள். நீங்கள் எந்த வயலுக்கு வேண்டுமானாலும் போய்க் குனிந்து நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள், கணக்கு எப்படித் தலைகீழாக இருக்கிறது என்று தெரியும். பட்டா இல்லையென்றால் விவசாயக் கடன் கஷ்டம், இழப்பீடு கஷ்டம், யானை மிதித்தால்கூட மனுவில் கையெழுத்து வேறொருவருடையது.


மதுரைக்காரி
2 அக்டோபர் 2024

கறிவேப்பிலைத் தோட்டம், உங்கள் அம்மாயி கடைசி வரை நிலம் வாங்கவே இல்லையா?


கறிவேப்பிலைத் தோட்டம்
2 அக்டோபர் 2024

இல்லைங்க அக்கா. இரண்டாவது முறை உப்புப் பானை நிறைவதற்குள் என் அம்மாவுக்குக் கல்யாணம், மாமாவுக்குப் படிப்பு. சாகும்போது அவர் பேரில் இருந்தது ஒரு ரேஷன் கார்டும் பணியாரக் கல்லும். கல் என்னிடம் இருக்கிறது.


கறிவேப்பிலைத் தோட்டம்
14 ஜூன் 2025

எட்டு மாதமாகத் தூங்கிய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். இங்கே சொல்லாமல் எங்கே சொல்வது.

தோட்டத்தை ஒட்டி நாற்பத்தைந்து சென்ட் விலைக்கு வந்தது. அம்மாவின் நூறு நாள் வேலைக் காசு, பால் சொசைட்டிக் காசு, கொஞ்சம் நகை, மீதி நான் போட்டது. இந்த ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. அதனால்தான் அம்மா பேரில் போடுகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். கட்டணம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சார்பதிவாளர் ஆபீஸுக்கு வெளியே பத்திரம் எழுதுகிறவர் அச்செடுத்துக் கொண்டுவந்து, “அம்மா, இங்க ஒரு கையெழுத்து” என்றார். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார், எழுத்துக் கூட்டி, சத்தமாக. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு எல்லை விவரம், வந்ததும் நிறுத்தினார். “கிழக்கே வண்டித்தடம்னு போட்டிருக்கு. வண்டித்தடம் வடக்கேயில்ல இருக்குது?” என்றார். எழுத்தர் பழைய பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். அம்மா சொன்னது சரி. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ தப்பாக எழுதியது, அதற்கடுத்த பத்திரத்திலும் அப்படியே இறங்கியிருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நாளைக்கு எங்களுக்குத் தடமே இல்லை.

மறுபடி அச்செடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, புதிதாக வந்ததையும் முதலிலிருந்து வாசித்தார்.

வெளியே வரும்போது மணி இரண்டரை. பசிக்குது என்றார். என்ன வேணும்மா என்று கேட்டேன். மட்டன் பிரியாணி.

பெங்களூர்வாசி, உங்கள் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்.


பெங்களூர்வாசி
14 ஜூன் 2025

சொல்லிவிட்டேன். அம்மா பட்டா போன வாரம் வந்தது. கூட்டுப் பட்டா இல்லை, தனி.